சௌடப்பன் சிநேகம் பிடித்த வழக்கு

அறுபதுகளின் கடைசியில் திருச்சுழியில் மானாவாரிப் பயிர் ஊக்குவிப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. வானம் பார்த்த பூமியில் விவசாயம் செய்கிறவர்களை ஊக்குவிப்பது அதன் வேலை. அங்கே போன விவசாயி எவனும் ஊக்கத்தோடு திரும்பியதாகத் தகவல் இல்லை. காலையில் வந்தவனை மத்தியானம் வரச் சொல்வார்கள். மத்தியானம் வந்தவனிடம், காலையிலேயே வந்து தொலைத்தால் என்ன என்று கேட்பார்கள். அதிகாரி வேங்கடபதி விவசாயிகளை மிகவும் நேசித்தார். நேரில் பார்த்தால் அந்த நேசம் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் அவர்களைப் பார்ப்பதையே தவிர்த்து வந்தார்.

அந்த அலுவலகத்தின் கடைசிப் படியில் இருந்தவன் பீல்டுமேன் சௌடப்பன். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், மேலதிகாரிகளிடம் மௌனம் என்று மூன்று பாஷை தெரிந்தவன். தறியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். நூல் அறுந்ததே தவிர சேலை வரவில்லை. கடையில் நிறுத்திப் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தான். கடைசியில் இந்த வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிக வேலைதான். வருகிற தையில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவனுடைய தாய் கங்கம்மாள் ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் தை மாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு ஒதுக்கியிருந்த ஊர் எம்.ரெட்டியபட்டிக்கு மேற்கே ஒத்தப்புளி. முதல் நாள் தோளில் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். பையோடு வருகிறவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வருகிறவர்கள் என்பது அந்த ஊர் ஆண்களின் முடிவு. அவன் ஊருக்குள் நுழைந்தபோது ஆண்கள் யாரும் இல்லை. எல்லோரும் கண்மாய்க்குள் இறங்கி உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத்தாய் என்ற பெண்பிள்ளை மட்டும் பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், தன் காட்டைத் தானே பார்த்துக்கொள்கிறவள். சௌடப்பன் பையிலிருந்து பயிர் நோட்டீஸை எடுத்துப் படித்துக் காட்ட ஆரம்பித்தான்.

"ஏலே, படிச்சது போதும். கீழ குனிஞ்சு களையை எடு" என்றாள் அவள்.

அவன் குனிந்தான். எடுத்ததில் பாதி பருத்திச் செடி. அவள் சிரித்த சிரிப்பில் கண்மாய்க்குள் இருந்த ஆண்கள் மேலே வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் அந்த ஊர்க்காரன் ஆகிவிட்டான். அருஞ்சுனை என்ற பெரிய சம்சாரி (அந்தப் பக்கத்தில் விவசாயிக்கு அதுதான் பேர்) அவனைத் தன் மச்சான் என்றே கூப்பிட்டார். விதையை எப்போது போடுவது, பூச்சி விழுந்தால் என்ன தெளிப்பது என்று அவன் சொன்னதை ஜனங்கள் கேட்டார்கள். அந்த வருஷம் ஒத்தப்புளியில் பருத்தி நன்றாக வந்தது. அலுவலகத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. அலுவலகத்தின் வேலையில் அது சேர்த்தி இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் தணிக்கைக்கு வந்தார். சீமையில் படித்தவர். அவர் வந்த நேரம் சௌடப்பன் வேப்பமரத்தடியில் வெள்ளைத்தாயோடும் அருஞ்சுனையோடும் குத்தவைத்து உட்கார்ந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தான். பெரிய அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே பார்த்தார். ஏதோ எழுதினார். போய்விட்டார். மறுநாள் பட்டினி ஒழிப்பு மாநாடு ஒன்றுக்காக ரோமாபுரிக்கு விமானம் ஏறிவிட்டார். அங்கே சாப்பாடு நன்றாக இருந்ததால் லேசில் திரும்பவில்லை.

அவர் எழுதிவிட்டுப் போன குறிப்பு திருச்சுழி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. ஒத்தப்புளி பீல்டுமேன் அவ்வூர் விவசாயிகளோடு 'சம் அப்' செய்திருக்கிறான் என்று அதில் இருந்தது.

தலைமை எழுத்தர் அப்பய்யா அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அவருடைய சர்வீஸில் மோசடி, கையாடல், கீழ்ப்படியாமை என்று எல்லாக் குற்றத்தையும் ஆங்கிலத்தில் படித்திருக்கிறார். இது புதுசாக இருந்தது.

"அய்யா, இது பெரிய குத்தமாத்தான் இருக்கணும். சின்னக் குத்தமா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

அலுவலகத்தில் ஆங்கில அகராதி உண்டு. ஆனால் இரண்டாம் பாகம் மட்டும்தான் உண்டு. முதல் பாகத்துக்கு அனுமதி கேட்டு எழுதியதற்கு, எதற்காகத் தேவை என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதுவதற்கு வேண்டிய சொற்கள் முதல் பாகத்தில் இருந்தன. 'சி' எழுத்தில் ஆரம்பிக்கிற இந்தச் சொல்லும் முதல் பாகத்துச் சொல்தான். சௌடப்பன் அகராதியின் பின்பாதியில் ஏதாவது குற்றம் செய்திருந்தால் அன்றைக்கே தீர்ப்பு ஆகியிருக்கும்.

வேங்கடபதி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னையிலருந்து நீ அதைச் செய்யக் கூடாது."

"எதைங்கய்யா?"

"பெரிய அதிகாரி எழுதியிருக்கிறதை."

"என்ன எழுதியிருக்காகய்யா?"

"அதைத்தான் விசாரிச்சிக்கிட்டிருக்கோம். தெரியிற வரைக்கும் செய்யாதே."

சௌடப்பன் யோசித்தான். எது என்று தெரியாத ஒன்றைச் செய்யாமல் இருக்க வேண்டுமானால் எதையுமே செய்யாமல் இருப்பதுதான் வழி. வராந்தாவில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தான். காலையில் வந்து உட்காருவான். சாயங்காலம் எழுந்து போவான். யாரோடும் பேசுவதில்லை. வேங்கடபதிக்கு மிகவும் திருப்தி. இப்போதுதான் இந்தப் பையனுக்கு அரசாங்க உத்தியோகத்தின் நெளிவு சுளிவு பிடிபட்டிருக்கிறது என்று அப்பய்யாவிடம் சொன்னார்.

சொல்லுக்கு அர்த்தம் தேடும் பணி ஒரு பக்கம் நடந்தது. விருதுநகருக்கு எழுதினார்கள், அது மதுரைக்கு எழுதியது, மதுரை, இப்படி ஒரு சொல்லை ஆளும் அதிகாரம் உங்கள் அலுவலகத்துக்கு யார் கொடுத்தது என்று திருப்பிக் கேட்டது. கடைசியில் அருப்புக்கோட்டையில் ஓய்வாக இருந்த ஆங்கில வாத்தியார் ஜெய்னுலாப்தீனைக் கூட்டி வந்து, வடையும் காப்பியும் வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் வாத்தியார். "'சம்'முன்னா சிநேகிதன். 'சம் அப்'புன்னா சிநேகம் பிடிச்சிக்கிறது. நல்லாப் பழகுறான்னு அர்த்தம். ஏட்டு இங்கிலீஸு இல்ல, பயலுக பேசுற பேச்சு."

இத்தோடு அவர் எழுந்து போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் தட்டில் இன்னும் ஒரு வடை இருந்தது. வடை இருக்கும்போது அர்த்தத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது மரியாதை இல்லை என்று நினைத்தோ என்னவோ, அந்தச் சொல் பிறந்த கதையையும் ஆரம்பித்தார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சீமையில் காலேஜுப் பையன்கள் ஒரே அறையில் கூடித் தங்குவார்களாம். அறைக்கு அவர்கள் சேம்பர் என்பார்கள். ஒரே சேம்பரில் கூடத் தங்குகிறவன் சேம்பர் பெல்லோ. அது வாயில் தேய்ந்து 'சம்' ஆகியிருக்கும் என்று பெரியவர்கள் எழுதியிருக்கிறார்களாம். "ஆகியிருக்கும்னுதான் எழுதியிருக்காக, ஆச்சுன்னு எவரும் அடிச்சுச் சொல்லல" என்று நாணயமாக ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு, வடையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வார்த்தையை வேங்கடபதி காதில் வாங்கவில்லை. அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்துவிட்டது.

"அப்பய்யா, கவனிச்சீரா? சிநேகத்தை எப்படி நிரூபிக்கிறது? நிறுக்க முடியுமா, படியில போட்டு அளக்க முடியுமா? அறையை அளக்கலாம்! இவன் அந்த ஊர்க்காரங்களோட ஒரே அறையில இருந்தானான்னு பார்த்தாப் போதும், குத்தம் நிரூபணம் ஆயிரும்."

"ஆமாங்கய்யா."

"இன்னொண்ணு. இந்த ஆபீசுல சேம்பர்னு இருக்கிறது எனக்கு ஒருத்தனுக்குத்தான். அப்படின்னா சிநேகம் பிடிக்கிற அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருக்கு. என் சர்வீசில நான் அந்த அதிகாரத்தை ஒரு தடவைகூடத் துஷ்பிரயோகம் பண்ணினது கிடையாது."

"ஊருக்கே தெரியுமுங்கய்யா" என்றார் அப்பய்யா. பொய் இல்லை; ஊருக்கே தெரியும்.

"இவன் பண்ணியிருக்கிற காரியத்தோட ஆபத்து உமக்குப் புரியுதா? ஒரு சம்சாரி பீல்டுமேனை நம்ப ஆரம்பிச்சா அவன் சொன்னபடி விதைப்பான். சொன்னபடி விதைச்சா வெளைஞ்சிரும். வெளைஞ்சிட்டா இது வறட்சித் தாலுகா இல்லேன்னு மேல எழுதிருவாங்க. அப்புறம் இந்த ஆபீசு எதுக்கு? நீர் எதுக்கு? நான் எதுக்கு?"

நல்ல கேள்விகள்தான். அப்பய்யா விசாரணைக்கு நாள் குறித்தார்.

குறிப்பிட்ட நாளில் விசாரணைக் குழு ஒத்தப்புளிக்குப் புறப்பட்டது. ஜீப்பில் வேங்கடபதி, அப்பய்யா, ஒரு மடக்கு நாற்காலி, ஓர் அளவு நாடா. சௌடப்பன் குற்றவாளி ஆனதால் ஜீப்பில் இடம் இல்லை. பஸ்ஸில் வந்து சேர்ந்தான். கருப்பசாமி கோயிலுக்கு முன்னால் புளியமர நிழலில் நாற்காலியை விரித்தார்கள். ஊரே கூடி நின்றது. பல நாளாகக் காணாத ஆளைக் கண்ட சந்தோஷத்தில் சௌடப்பனைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் வெள்ளைத்தாயின் வீட்டை அளந்தார்கள். நாலு சுவர், ஒரு வாசல், மூலையில் தானியக் குலுக்கை, அவ்வளவுதான் வீடு.

"இதுல அறை எங்கே இருக்கு?" என்றார் வேங்கடபதி.

"வீடே அம்புட்டுத்தான் சாமி."

"இந்தப் பீல்டுமேன் உள்ளே வந்திருக்கானா?"

"மழைக்கு ஒதுங்கியிருக்கான். ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. நம்ம ஊருல அதுக்கு மேல எங்க மழை பெய்யுது?"

வேங்கடபதி அதை எழுதச் சொன்னார். பிறகு அருஞ்சுனையைக் கூப்பிட்டு, இவனோடு உமக்கு என்ன பழக்கம் என்று கேட்டார். அரசாங்கமே வந்து சௌடப்பனைப் பற்றிக் கேட்கிறதென்றால் அவனுக்கு ஏதோ பெரிய பதவி வரப்போகிறது என்று அருஞ்சுனை நினைத்துவிட்டார்.

"பழக்கமா? நம்ம மச்சான்ல சாமி! ஒரே சட்டியில கூழு குடிப்போம். ராவு தங்கினா என் கட்டுல்லதான் படுப்பான். இவனைப்போலச் சிநேகம் இந்தச் சீமையில கிடையாது. எழுதிக்கோங்க."

அப்பய்யா வேகமாக எழுதினார். வேங்கடபதி புன்னகை செய்தார். வெள்ளைத்தாய் மட்டும் சௌடப்பனின் முகத்தைப் பார்த்தாள். அது வெளுத்துக் கிடந்தது. அவள் மெதுவாக அப்பய்யாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கணக்கப்பிள்ளை அய்யா, இப்ப இவனுக்கு என்ன செய்யப்போறாக?"

"வேலை போயிரும் தாயி" என்றார் அப்பய்யா, எழுதுவதை நிறுத்தாமலே.

"எதுக்கு?"

"ஒங்களோட சிநேகமா இருந்ததுக்கு."

வெள்ளைத்தாய்க்கு அது விளங்கவில்லை. விளங்கக்கூடிய விஷயமாகவும் அது இல்லை. ஆனால் வேலை போயிரும் என்பது நன்றாக விளங்கியது. நேராக நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, அந்தாளு சொன்னதை அடிங்க. அவருக்கு வெயிலு மண்டையில ஏறிப்போச்சு. இந்தப் பயலுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் கிடையாது. வருவான், நோட்டீசு குடுப்பான், போவான். பேருகூடத் தெரியாது."

அருஞ்சுனை வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வேங்கடபதிக்குத் தர்மசங்கடம். ஒருவர் உண்டு என்கிறார், ஒருத்தி இல்லை என்கிறாள். இரண்டையும் ஒரே கோப்பில் எப்படி வைப்பது? அப்போது அவருடைய கண்ணில் கருப்பசாமி பட்டார். சாட்சி சொல்ல அந்த ஊரில் நல்ல வசதி ஒன்று இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"சரி. நீங்க சொல்றது நெசம்னா இந்தச் சாமி முன்னால சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணுங்க. இவனோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை, அன்னந்தண்ணி, எந்தப் புழக்கமும் கிடையாதுன்னு ஊரே பண்ணணும். ஒருத்தர் விடாமல்."

முன்னால் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அந்தப் பக்கத்தில் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது என்பது கோர்ட்டில் கூண்டேறிச் சொல்கிற சத்தியம் மாதிரி அல்ல. பங்காளிச் சண்டையில் அப்படிச் சொன்ன குடும்பங்கள் பேரன் காலம் வரைக்கும் ஒருவர் வீட்டில் ஒருவர் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கின்றன. சொன்னது பொய்யாக இருந்தால், அன்றிலிருந்து அதை மெய்யாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கருப்பன் கேட்பான். வேங்கடபதிக்கு இது தெரியாது. அவருக்கு அது ஒரு முத்திரை. காகிதத்தில் குத்த முடியாததைச் சூடத்தில் குத்துகிறார், அவ்வளவுதான்.

"வேண்டாம்க்கா" என்றான் சௌடப்பன். அன்றைக்கு அவன் பேசியது அது ஒன்றுதான்.

வெள்ளைத்தாய் அவனைப் பார்க்கவில்லை. சூடத்தை ஏற்றினாள். சொல்லச் சொன்னதைச் சொன்னாள். உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அருஞ்சுனை கடைசியில் வந்தார். சூடம் அணைய அவருக்கு இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது. வேங்கடபதி மணியைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போது இன்னும் ஆத்திரம் வருகிறது. ஒரு மனிதனின் வேலையைக் காப்பாற்ற ஓர் ஊரே அவனைக் கைகழுவியது. அதை எழுதி வாங்கிக்கொண்டு போனவர்கள் வழியில் நிறுத்தி இளநீர் குடித்தார்கள்.

சிநேகம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. தை மாதம் சௌடப்பன் நிரந்தரம் ஆனான். கங்கம்மாள் கோயிலில் பொங்கல் வைத்தாள். உத்தரவை வாங்கிக்கொண்டு அவன் முதல் பஸ்ஸிலேயே ஒத்தப்புளிக்குப் போனான். அவனைக் கண்டதும் பொம்பளைகள் குடத்தை எடுத்துக்கொண்டு வேறு பாதையில் போனார்கள். அருஞ்சுனை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். யார் முகத்திலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம்.

அடுத்த சாகுபடி தொடங்கும் சமயத்தில் பெரிய அதிகாரி ரோமாபுரியிலிருந்து திரும்பினார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. விவசாயிகளோடு அலுவலர்கள் நெருங்கிப் பழகாததால்தான் நாட்டில் பட்டினி என்று மாநாட்டில் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். மாநிலம் முழுக்கப் பதினைந்து நாள் 'உழவர் நட்புப் பட்சம்' கொண்டாட உத்தரவு போட்டார். அதைத் தொடங்கி வைக்க அவர் தேர்ந்தெடுத்த ஊர் ஒத்தப்புளி. ஜனங்களோடு அருமையாக 'சம் அப்' செய்கிற பீல்டுமேன் ஒருவனை அங்கே தாம் பார்த்துப் பாராட்டி எழுதியிருந்ததாகச் சொன்னார்.

"நாங்களும் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டோம்" என்றார் வேங்கடபதி.

புளியமரத்தடியில் மறுபடியும் நாற்காலி விரிந்தது. இந்தத் தடவை மாலைகளும் இருந்தன. பெரிய அதிகாரி வெள்ளைத்தாயைக் கூப்பிட்டு, சௌடப்பனைக் காட்டி, "இவர் உங்க சிநேகிதர்தானே?" என்று கேட்டார்.

"இல்ல சாமி. அவுகளுக்கும் எங்களுக்கும் புழக்கம் கிடையாது. சத்தியம் பண்ணியிருக்கோம்."

பெரிய அதிகாரி வேங்கடபதியைப் பார்த்தார். வேங்கடபதி உடனே வழி கண்டுபிடித்தார். கண்டுபிடிக்காமல் இருந்தால் அவர் அதிகாரியே இல்லை.

"அதுக்கென்ன, அந்தச் சத்தியம் ரத்து! நான்தானே பண்ணச் சொன்னேன், நானே இப்ப ரத்து பண்றேன். வேணும்னா இன்னொரு சூடம் ஏத்திச் சிநேகம் உண்டுன்னு சொல்லுங்க. சூடம் ஆபீசு செலவு."

வெள்ளைத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க கருப்பனை ஒங்க ஆபீசுப் பியூனுன்னு நெனச்சீகளா? நீங்க வான்னா வரவும் போன்னா போகவும்?"

சௌடப்பனுக்கு அந்த வாரமே ஓலை வந்தது: விவசாயிகளோடு சிநேகம் பிடிக்கத் தவறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? நிரந்தர ஊழியன் ஆனதால் வேலை போகவில்லை, கண்டித்து விட்டுவிட்டார்கள். நட்புப் பட்சத்தைச் சிறப்பாக நடத்தியதற்காக வேங்கடபதிக்குக் கேடயம் கிடைத்தது. அதைத் தம் சேம்பரில் மாட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. காய் பிடிக்கிற சமயத்தில் பருத்தியில் புழு விழுந்தது. சௌடப்பன் வெள்ளைத்தாயின் காட்டு வரப்பில் போய் நின்றான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரப்பில் மேய்ந்த வெள்ளாட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பேச்சு முறிந்த வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்தில் தவிர்க்க முடியாததை ஆட்டிடமோ சுவரிடமோ சொல்வது உண்டு.

"ஏ ஆடு, காயெல்லாம் புழு. என்ன தெளிக்கணும்னு வெவரம் தெரிஞ்ச ஆளைக் கேளு."

சௌடப்பன் வரப்பில் உட்கார்ந்தான். என்ன மருந்து, எவ்வளவு தண்ணீர், எந்த வேளையில் தெளிக்க வேண்டும் என்று ஆட்டைப் பார்த்து நிதானமாகச் சொன்னான். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பக்கத்துக் காடுகளில் வேலை செய்தவர்களும் நிமிராமல் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக் கேட்டார்கள். சொல்லி முடித்து அவன் எழுந்தான். வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"ஏ ஆடு" என்றாள் வெள்ளைத்தாய், திரும்பாமலே. "அந்தாளு காலையில ஏதாச்சும் சாப்பிட்டு வந்தானான்னு கேளு."

அவளால் கேட்க மட்டும்தான் முடியும், கொடுக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும். திருச்சுழியில் விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு கிளம்பி வந்திருந்தான்.

"சாப்பிட்டேன்னு சொல்லு" என்றான் ஆட்டிடம்.